மாவட்டத்தையே வாசலில் நிறுத்திய விதி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் குறைத்துச் சொல்லிவிடுவார்கள். அது என் உழைப்புக்குச் செய்கிற அவமரியாதை.

தருமபுரி மாவட்டத்தில் எங்களுக்கு இருந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் ஒரு மதியம் எங்கள் சர்வருக்குள் நுழையவிடாமல் வெளியே நிறுத்தியவன் நான். வைரஸ் இல்லை, வெளிநாட்டுச் சதி இல்லை. பத்து வரி விதி ஒன்று. நானே எழுதி, நானே சோதித்து, நானே என் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டது. வெளியே நின்றவர்களில் நல்லம்பள்ளியில் இருக்கும் என் சொந்தக் கிணற்று மோட்டாரும் ஒன்று. தப்புச் செய்தாலும் பாரபட்சம் பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். கேட்வேயை எப்படி நிறுவுவது, எந்தப் பாதையை எந்த சர்வீசுக்குத் திருப்புவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாததைக் கையேடு சொல்லும். கை நடுங்கும்போது எந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்பதுதான் கையேட்டில் இருக்காது. அதைப் பற்றி நான் நிறையவே ஆராய்ச்சி செய்திருக்கிறேன். பெரும்பாலும் தொட்டுத் தொட்டு.

இந்தத் தாள் தவறிப்போய் உங்கள் வீட்டில் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்காக ஒரு பத்தி. கிளஸ்டர் என்பது பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கூட்டம். அதற்குள் ஒரே வேலையைச் செய்கிற சின்னச் சின்ன புரோகிராம்கள் பல ஓடும். அவற்றுக்கு பாட் என்று பெயர். ஒரு பாட் விழுந்தால் கிளஸ்டர் தானாகவே இன்னொன்றை எழுப்பிவிடும். வெளியிலிருந்து வருகிற எந்தக் கோரிக்கையும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வாசல்தான் கேட்வே. யாரை விடலாம், நிமிடத்துக்கு எத்தனை பேரை விடலாம், எந்தப் பாட்டிடம் அனுப்பலாம் என்று முடிவு செய்வது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் வாட்ச்மேன். சம்பளம் மட்டும் இன்ஜினியர் சம்பளம்.

அந்த வாசலுக்கு வந்துகொண்டிருந்தவை மோட்டார் பெட்டிகள். போர்வெல் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் சிம் போட்ட ஒரு பெட்டியை மாட்டிவிடுவோம். விவசாயி எங்கிருந்தாலும் போனிலேயே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். நம் பக்கத்து போர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரம் இறைக்கும், அப்புறம் தண்ணீர் ஊறும்வரை ஓய்வு கேட்கும். ஓய்வு கொடுக்காவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிடும். ஆழத்திலிருந்து அதை வெளியே எடுக்க வண்டி வர வேண்டும், ஆள் வர வேண்டும். அதற்குள் பயிர் வாடிவிடும். அதனால் எங்கள் ஆப்பில் பச்சை 'ஆன்' பட்டனைவிட சிவப்பு 'ஆஃப்' பட்டனுக்குத்தான் மரியாதை அதிகம்.

இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எங்கள் டீம் லீடுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். என் பெரிய மகள் வயது. ஒரு நாளைக்கு முப்பது வார்த்தைக்கு மேல் பேசினால் உடம்புக்கு ஆகாது என்று நம்புகிறவர். வாசலில் எந்தப் புது விதி போட்டாலும் ஒரு தாளில் பதில் எழுதிவிட்டுத்தான் போட வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று: 'இந்த விதியால் வெளியே நிற்கப்போவது யார்?' பதிலில் குறைந்தது ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும், நிஜமான பெயர். நாங்கள் பின்னால் சிரிப்போம். ரேஷன் கடை ஃபாரம் என்போம்.

ஒரு வாரம் எங்கிருந்தோ ஒரு நெட்வொர்க் முகவரியிலிருந்து சர்வரைத் தட்டித் தட்டித் தொல்லை கொடுத்தார்கள். நான் ஒரு விதி எழுதினேன். ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனைக்கு மேல் கோரிக்கை வந்தால் திருப்பி அனுப்பு, அவ்வளவுதான். ஆபீஸிலிருந்து சோதித்தேன், வீட்டிலிருந்து சோதித்தேன், டீக்கடையில் உட்கார்ந்தும் சோதித்தேன். பட்டுப்போல வேலை செய்தது. தாளில் 'யார் வெளியே நிற்பார்கள்' என்ற இடத்தில் 'கெட்டவர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

லீடு தாளைப் பார்த்தார்.

"எந்த ஊர் கெட்டவங்க சார்?"

"இன்டர்நெட் ஊருங்க மேடம்."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் போனார். விதி உள்ளே போனது. எத்தனையோ தவறுகள் இப்படித்தான் உள்ளே போகின்றன, யாரையோ மீட்டிங்குக்குக் கூப்பிடும்போது.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாள் லைன் வேலைக்காகக் காலையிலிருந்து மாவட்டம் முழுக்க த்ரீ பேஸ் கரண்ட் கிடையாது. வழக்கமாகக் கரண்ட் ஒரு பக்கம் வந்தால் இன்னொரு பக்கம் பிறகு வரும். பெட்டிகளும் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வாசலுக்கு வரும். அன்றைக்கு ஒன்றரை மணிக்கு எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. கரண்ட் வந்தால் பெட்டி என்ன செய்யும்? விழித்துக்கொண்டு சர்வரைத் தேடி ஓடி வரும். மாவட்டத்துப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஓடி வந்தன.

நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். பாட்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தன. கணக்கெல்லாம் எழுதி வைக்கிற டேட்டாபேஸ் கொட்டாவி விட்டது. சுமை என்று ஒன்றுமே இல்லை. பெருமை தாங்கவில்லை.

"மேடம், இங்க பாருங்க. எல்லா ஊருக்கும் கரண்ட் வந்திருக்கு, நம்ம சர்வர் அசையவே இல்ல."

அவர் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். முகம் மாறியது.

"கல்யாணத்தன்னிக்கு மண்டபம் காலியா இருந்தா சமையல் பிரமாதம்னு அர்த்தமில்ல சார். கேட்டப் பூட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

அந்த நேரத்தில் போன் அடித்தது. போன் எடுக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். நான் எடுத்தேன்.

"ஏங்க, மோட்டர் பொட்டி கம்பெனிங்களா?"

"ஆமாங்கம்மா, சொல்லுங்க."

"காரிமங்கலம் மாதம்மா பேசறேன். மோட்டரு நிக்க மாட்டேங்குதுங்க. கரண்ட் வந்ததும் தானா எடுத்துக்கிச்சு. அர மணி நேரத்துக்கு மேல ஓடுனா உள்ள தண்ணி இருக்காது. எரிஞ்சுபோயிடுங்க."

மணி ஒன்று நாற்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது.

"பக்கத்துக் காட்டுல யாராச்சும் இருந்தா ஃபீஸ் கட்டையப் புடுங்கச் சொல்லுங்கம்மா."

"ஊரே ஒரு சாவுக்குப் போயிருக்குது. வூட்டுக்காரரு ஓசூர்ல கம்பெனில இருக்காரு. நானு மகளப் பிரசவத்துக்குச் சேத்துட்டு தருமபுரி ஆஸ்பத்திரில நிக்கறேன். இவள உட்டுட்டு எப்டிப் போவேன்? ஒரு ஏக்கரு சாமந்தி மொட்டு வெச்சு நிக்குதுங்க."

"ஆப்ல ஆஃப் போடுங்களேன்."

"பதனஞ்சு வாட்டி போட்டுட்டேன். என்னமோ எழுதி வருது. 'தங்கள் ஆர்வத்திற்கு நன்றி. சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்.' எனக்கு என்னாங்க ஆர்வம்? யாரு இத எழுதுனது?"

"விசாரிக்கிறேங்கம்மா" என்றேன். விசாரிக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அந்த வாசகத்தை எழுதிய அன்று அதன் பண்பாட்டை நானே வியந்திருக்கிறேன்.

லைனை வெட்டாமல் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். லீடு அதற்குள் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்திருந்தார். ஆயிரக்கணக்கில் வரிகள். ஆனால் முகவரி என்ற இடத்தில் திரும்பத் திரும்ப மூன்றே மூன்றுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்போன் கம்பெனிக்காரன் ஒவ்வொரு சிம்முக்கும் தனி முகவரி கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிம்களை ஒரே முகவரிக்குப் பின்னால் உட்காரவைத்துவிடுவான். பாலக்கோட்டுத் தக்காளி மண்டி முழுவதற்கும் ஒரே கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம்தான் என்று ஒரு அறிவாளி தபால்காரருக்கு உத்தரவு போடுகிறான். அந்த அறிவாளி நான். டீக்கடை வரைக்கும் போய்ச் சோதித்தவன், ஒரு வயலுக்குப் போய்ச் சோதிக்கவில்லை.

தவறு தெரிந்ததும் என்ன செய்வீர்கள்? விதியை எடுத்துவிடுவீர்கள். நானும் எடுத்தேன். "சார், இருங்க" என்று லீடு சொன்னது காதில் விழுந்தது. விரல் அதற்கு முன்பே இறங்கிவிட்டது.

வாசல் திறந்தது. உள்ளே விடாத பெட்டி ஒவ்வொன்றும் விநாடிக்கு ஒரு தரம் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் மறந்துவிட்டேன். எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே பாய்ந்தன. பாட் எழுந்திருக்கும், கூட்டத்தைப் பார்க்கும், விழும். கிளஸ்டர் அதை எழுப்பிவிடும். மறுபடியும் பார்க்கும், விழும். ஆள் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் பத்துப் பாட்களை எழுப்பினேன். பத்தும் வந்த வேகத்தில் டேட்டாபேஸிடம் போய் வரிசையில் நின்றன. அதுவரை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் படுத்தேவிட்டது. பரிமாறுகிறவர்களைக் கூட்டினேன், அடுப்பு ஒன்றுதான் என்பதை யோசிக்கவில்லை.

போனில் மாதம்மாள் குரல். "இப்ப அந்த நன்றியும் வரலீங்க. வெள்ளையா சுத்திக்கிட்டே இருக்குது."

மணி ஒன்று ஐம்பத்தொன்று.

என் கை கேட்வேயை நிறுத்தித் திரும்பப் போடும் இடத்துக்குப் போனது. வீட்டில் டிவி பெட்டி மக்கர் பண்ணினால் செய்வோமே, அந்த வைத்தியம். லீடு என் கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

"கைய எடுங்க சார். வெளிய நிக்கறது யாரு?"

"எல்லாரும்தான் மேடம்!"

"எல்லாரும்னா யாருமில்ல. பேரு சொல்லுங்க."

"மாதம்மா."

"அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஆஃப்."

"அவங்க பெட்டிக்கு?"

"எனக்கு ஏதாச்சும் சேதி உண்டான்னு கேக்கணும். ஆஃப் வந்திருந்தா வாங்கிக்கும்."

"மத்தது?"

மற்றது என்ன என்று அப்போதுதான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். வந்திருந்த கூட்டத்தில் பெரும்பாலானவை பெட்டிகளின் அறிக்கைகள். எத்தனை வோல்ட் இருந்தது, எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எப்போது வந்தது என்று காலையிலிருந்து சேர்த்து வைத்த கதை. ஒவ்வொன்றும் நீளம், ஒவ்வொன்றையும் டேட்டாபேஸில் எழுத வேண்டும். ஆஃப் கோரிக்கை என்பதோ ஒரு வரி. சேதி உண்டா என்ற கேள்வியும் ஒரு வரி.

"மத்ததெல்லாம் கதை சொல்ல வந்திருக்குதுங்க."

"அப்ப?"

இந்த மொத்தச் சம்பவத்தில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் இனிமேல்தான் வருகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறிக்கைகளை நிறுத்தினால் கீழ்மாடியில் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடுகள் எல்லாம் நின்றுவிடும். அந்தக் கோடுகளைத்தான் முதலாளி பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பேருக்கு அன்றைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்களை வரவழைக்க மூன்று மாதம் அலைந்திருந்தார். கீழே போய் அனுமதி கேட்கலாம். கேட்டால், ஐந்து நிமிடம் பொறுக்க முடியாதா என்பார். ஐந்து நிமிடம் எங்களிடம் இல்லை.

கேட்கவில்லை. வாசலில் நான்கே வரி எழுதினேன். அறிக்கை வந்தால் திருப்பி அனுப்பு. ஆஃப் வந்தால் விடு. பெட்டி சேதி கேட்டால் விடு. முகவரியைப் பார்க்காதே, பெட்டியின் எண்ணைப் பார். நான் எழுப்பிவிட்ட பத்துப் பாட்களையும் திரும்பப் படுக்கவைத்தேன்.

திரையில் சிவப்பு குறைந்தது. டேட்டாபேஸ் கண் திறந்தது. பாட்கள் எழுந்து, இந்தத் தடவை விழாமல் நின்றன.

கீழிருந்து படிக்கட்டு வழியாக முதலாளி குரல் வந்தது. "என்னய்யா, கோடெல்லாம் நின்னுபோச்சு?"

"மோட்டரெல்லாம் ஓய்வெடுக்குதுங்க!" என்று கத்திவிட்டுப் போனை எடுத்தேன். "இப்பப் போடுங்கம்மா."

"போட்டுட்டேன்."

பெட்டி நிமிடத்துக்கு ஒரு முறைதான் சேதி கேட்கும். அந்த நிமிடம் முடியும்வரை எங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. போனில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு நர்ஸ், "மாதம்மா யாரும்மா, உள்ள வா" என்று கூப்பிட்டார். "ரெண்டு நிமிசம் சிஸ்டர், மோட்டரு" என்றார் இவர். "மோட்டரா? பேரப்புள்ள வேணுமா வேணாமா?" என்று நர்ஸ் திட்டுவது தெளிவாகக் கேட்டது.

"செவப்பு வந்துருச்சுங்க, நின்னுபோச்சு" என்றார் மாதம்மாள். லைன் அறுந்தது.

மணி இரண்டு ஆறு. அரை மணிக்கு மேல் ஆறு நிமிடம் ஓடியிருந்தது.

மீதிக் கூட்டத்தை ஒரேயடியாக உள்ளே விடவில்லை. பெட்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, முதலில் பூஜ்யங்கள், கொஞ்சம் பொறுத்து ஒன்றுகள், அப்புறம் இரண்டுகள் என்று விட்டோம். நான்கு மணிக்குக் கீழ்மாடிக் கோடுகள் திரும்ப ஓடின. முதலாளி மேலே வந்து பத்து நிமிடம் கத்தினார். அதில் இரண்டு நிமிடம் நியாயமானது. லீடு நடுவில் புகுந்து, "என் டீம், என் முடிவு" என்றார். அன்றைய முப்பது வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. அதற்கு மேலும் எனக்காக நான்கு வார்த்தை செலவு செய்தார். அதற்கு நான் கடமைப்பட்டவன். ஆனால் அவர் போனதும் முதலாளியிடம் போய் நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் லீடு உங்களுக்காகத் திட்டு வாங்கலாம். நீங்கள் வாங்கவைக்கக் கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆபீஸ் நிம்மதியானது. எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஆறு நிமிடத்தில் மோட்டார் கருகியதா இல்லையா என்பது அதைத் திரும்பப் போடும்போதுதான் தெரியும். மறுநாள் முழுக்க மாதம்மாளின் பெட்டியைப் பார்த்தேன். மோட்டார் போடவே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு மாவட்டமே ஒழுங்காக ஓடுகிறது, நான் ஒரே ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை. சம்பவத்தன்று மாலையே போன் செய்து, நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாதம்மாள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாமந்திச் செடிகள் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தன.

"வாங்க. அன்னிக்குப் போன்ல பேசுனது நீங்கதானுங்களா?"

"நான்தாங்க. மகளுக்கு?"

"பொண்ணு பொறந்திருக்குது. நேத்துதான் வூட்டுக்குக் கூட்டியாந்தேன்."

"மோட்டரு ஏன் போடலீங்க?"

"நீங்க வரட்டும்னு இருந்தேன். எரிஞ்சிருந்தா திட்டறதுக்கு எதுத்தாப்ல ஒரு ஆளு வேணுமில்ல?"

போனை எடுத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பச்சையை அழுத்தினார். ஒரு நிமிடம் காத்திருந்தோம். பெட்டிக்குள் டக்கென்று சத்தம் வந்தது. மோட்டார் எடுத்தது. குழாய் முதலில் வெறும் காற்றைத் துப்பியது. இருமியது. நான் திட்டு வாங்கத் தயாரானேன். அப்புறம் செம்மண் கலரில் ஒரு வாய், இன்னொரு வாய், கடைசியில் தெளிந்த தண்ணீர் முழுக் குழாயாகக் கொட்டியது. அவர் குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். எனக்கும் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, உத்தியோகஸ்தன் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

நிம்மதி வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. முகவரி என்றால் என்ன, செல்போன் கம்பெனி அதில் என்ன செய்கிறது, கூட்டம் எப்படி வந்தது, நாங்கள் அதை எப்படிப் பிரித்தோம் என்று வரப்பில் நின்றுகொண்டு ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் மடையைத் திருப்பிக்கொண்டே கேட்டார். கடைசியில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"இனிமே எத்தன ஆயிரம் பொட்டி வந்து முட்டுனாலும் சரிங்கம்மா, ஆஃப்னு ஒருத்தர் அழுத்துனா அதுதான் மொதல்ல உள்ள போவும். அப்டி மாத்திட்டேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார்.

"அத மொத நாளே வெச்சிருக்கலாமில்லீங்க?"